நாய் பேச வந்த எழுத்தில் கருமாதி அழைப்பா?

நேத்து சாயங்காலம் லிஃப்டுக்கு நிக்கும்போது கண்ணில பட்டுது. நோட்டீஸ் போர்டில புதுசா ஒரு ஏ4 தாள். மூணாவது மாடித் தாத்தா தவறிப்போனாரே, அவரோட பதினாறாம் நாள் காரியத்துக்கு அழைப்பு. எந்த ஃபான்ட்ல தெரியுமா? காமிக்ஸ் புத்தகக் கையெழுத்து மாதிரி துள்ளுமே அந்த இங்கிலீஷ் எழுத்து, காமிக் சான்ஸ்!

அந்த ஃபான்ட்ல தமிழ் எழுத்தே கிடையாது. ஆனா எங்க அபார்ட்மெண்ட் செயலாளர் அதுக்கெல்லாம் அசருற ஆளா? மொத்தத்தையும் செலக்ட் பண்ணி அதையே கொடுத்துடுவார். தமிழுக்கு மட்டும் வேர்டு தானா லதா, நிர்மலான்னு தன்கிட்ட இருக்கிற ஒரு தமிழ் ஃபான்ட்டைப் போட்டுக்கும். அதனால 'ஆழ்ந்த வருத்தத்துடன்' விறைப்பா கைகட்டி நிக்குது. தாத்தாவோட இங்கிலீஷ் இனிஷியல், தேதி, நேரம், ஃபிளாட் நம்பர் எல்லாம் மட்டும் பள்ளிக்கூடம் விட்ட பசங்க மாதிரி குதிக்குது. எழவு வீட்டுக்குள்ள பீப்பீ ஊதிக்கிட்டு நுழைஞ்ச மாதிரி இருக்கு ஐயா!

போன மாசம் இதே எழுத்துல இங்கிலீஷ்ல ஒரு மிரட்டல்: மெயின்டனன்ஸ் கட்டாதவங்களுக்குத் தண்ணி கட். படிச்சா பயம் வரணும்ல? பிறந்தநாள் பார்ட்டிக்குக் கூப்பிடுறாங்கன்னு நினைச்சான் என் பையன்.

அந்த எழுத்து மேல எனக்குக் கோபமே இல்ல, அதையும் சொல்லிடறேன். 1994-ல மைக்ரோசாஃப்ட்ல வேலை பார்த்த வின்சென்ட் கொன்னேர், 'பாப்'ங்கிற மென்பொருளைப் பார்க்கிறார். அதில ஒரு கார்ட்டூன் நாய், வாய்க்குப் பக்கத்துல பேச்சுக் குமிழி. குமிழிக்குள்ள இருக்கிறது டைம்ஸ் நியூ ரோமன்! நாய் எங்கயாவது வக்கீல் நோட்டீஸ் மாதிரி பேசுமா? அந்த உறுத்தல்லதான் காமிக்ஸ் புத்தகங்களோட கையெழுத்தைப் பார்த்து இதை வரைஞ்சார். கடைசியில நாய்க்கு அது போய்ச் சேரல, அது வேற கதை. ஆனா அந்த மனுஷன் கேட்ட கேள்வி சரியான கேள்வி: பேசுறது யாரு, என்ன பேசுறாங்க?

அதைத்தான் இங்க ஒருத்தரும் கேக்கறதில்ல. எல்.கே.ஜி. பிள்ளைக்கு ஒர்க்‌ஷீட் அடிங்க, கையெடுத்துக் கும்பிடுறேன். ஆங்கிலச் சின்ன 'ஏ'வைப் பிள்ளைங்க கையால எழுதுற மாதிரியே வட்டமும் கோடுமா போட்டிருக்கு. டிஸ்லெக்சியா, அதாவது எழுத்தைப் படிக்கிறதுல சிரமம் உள்ளவங்களுக்கு ஏத்ததா பிரிட்டனோட டிஸ்லெக்சியா சங்கம் சொல்ற எழுத்துகள்ல இதுவும் ஒண்ணு. 2012 ஜூலை 4 அன்னிக்கு செர்ன்கிற ஐரோப்பிய இயற்பியல் ஆய்வு மையத்துல, ஹிக்ஸ் போசான்கிற அணுத்துகள் பத்தின அறிவிப்பையே விஞ்ஞானி ஃபேபியோலா ஜியானோட்டி இந்த எழுத்துலதான் திரையில காட்டினாங்க. ஊரே சிரிச்சுது. எனக்கென்னவோ அது பெரிசா உறுத்தல. அது சந்தோஷச் சேதி, குதிச்சா குதிச்சுட்டுப் போகட்டும்.

சாவுச் சேதி குதிக்கலாமா?

பொறுக்க முடியாம செயலாளர்கிட்டயே போய்ச் சொன்னேன். "ஃப்ரெண்ட்லியா இருக்கட்டுமேன்னுதான் சார்..." என்றார். கருமாதிக்கு என்ன ஃப்ரெண்ட்லி? அரை மணி நேரம் விளக்கினேன். தலையாட்டிக் கேட்டுக்கிட்டார், மாத்திடறேன்னார்.

இன்னிக்குக் காலையில போய்ப் பார்த்தேன். மாத்தித்தான் இருக்கார். அதே காமிக் சான்ஸ், போல்டுல.