ட்ரிக்கர் எல்லாத்தையும் பிடிக்காது
"மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ்ல ட்ரிக்கர் போட்டுட்டா எந்த மாற்றமும் தப்பாது, யாருன்னும் தெரிஞ்சிரும்"னு மேலே அண்ணன் ஒருத்தர் எழுதியிருக்காரு. ட்ரிக்கர்னா, டேபிள்ல வரி சேர்ந்தாலோ மாறினாலோ அழிஞ்சாலோ டேட்டாபேஸ் தானா ஓட்டுற கோடு; யார் எதை மாத்தினாங்கன்னு ஆடிட் டேபிள்ல குறிச்சு வைக்க அதைப் போடுவாங்க. அண்ணே, ரெண்டுமே அப்படியில்ல.

டேபிளை ஒரேயடியா காலி பண்ற ட்ரங்கேட் கமாண்ட் அடிச்சா டிலீட் ட்ரிக்கர் ஓடவே ஓடாது. டேபிள் மொத்தமா காலியாகும், ஆடிட்ல ஒரு வரி விழாது. ஆப் கனெக்ட் ஆகுற டேட்டாபேஸ் யூசர்கிட்டருந்து ட்ராப் உரிமையை (டேபிளையே நீக்குற உரிமை) எடுத்திருங்க, ட்ரங்கேட்டுக்கு அது வேணும்.

'யாரு'ங்கிறதுலதான் பெரிய சிக்கல். மதுரை கீழமாசி வீதி மளிகை மொத்தக் கடையில நாலு பேர் பில் போடுவாங்க; சாஃப்ட்வேர் கனெக்ட் ஆகுறது ஒரே டேட்டாபேஸ் யூசர்ல. துவரம்பருப்பு ரேட்டை யார் மாத்தினாலும் ஆடிட்ல ஒரே பேருதான். ட்ரிக்கருக்குள்ள கரண்ட் யூசர் ஃபங்ஷனைக் கூப்பிட்டா இன்னும் மோசம், ட்ரிக்கரோட டிஃபைனர் (அதை உருவாக்கினவரா பதிவாகியிருக்கிற யூசர்) பேரு வந்து நிக்கும். லாகின் செஞ்ச ஆளோட ஐடியை செஷன் வேரியபிள்ல (அந்த ஒரு கனெக்‌ஷனுக்குள்ள மட்டும் நிக்கிற மதிப்பு) வச்சு, அதை ட்ரிக்கர்ல எழுதுங்க. கனெக்‌ஷன் பூல் (திறந்து வச்ச கனெக்‌ஷனையே பலருக்கும் மாத்தி மாத்திக் கொடுக்கிறது) இருந்தா ஒவ்வொரு தடவையும் புதுசா செட் பண்ணணும், இல்லேன்னா பழி முந்தின ஆள் தலையில விழும்.