விருந்தினர் பட்டியலில்தான் சிக்கனம் தொடங்குகிறது
அழைப்பிதழையும் மேடை அலங்காரத்தையும் எளிமையாக்கினாலே திருமணச் செலவு பெருமளவு குறைந்துவிடும் என்று, சிக்கனத் திருமணம் பற்றிய ஒரு கட்டுரையில் அதன் ஆசிரியர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அவை கண்ணில் படும் செலவுகள், அவ்வளவுதான். மண்டபத்தின் அளவு, சாப்பாடு, பரிமாறும் ஆட்கள், வெளியூர் உறவினர்களுக்கான அறைகள் என மற்ற எல்லாமே எத்தனை பேர் வருகிறார்கள் என்பதைப் பொறுத்தே ஏறி இறங்குகின்றன. என் மகளின் திருமணத்துக்கு முதலில் 600 பெயர்களை எழுதியிருந்தோம். நானும் என் மனைவியும் அந்த நோட்டை விரித்து வைத்துக்கொண்டு, கடந்த இரண்டு ஆண்டுகளில் ஒருமுறையாவது பேசியவர்களைப் பென்சிலால் குறித்துக்கொண்டே வந்தபோது 350 பேர்தான் தேறினார்கள், அதன் பிறகே சிறிய மண்டபம் போதும் என்று துணிய முடிந்தது. விட்டுப்போன சில பெயர்கள் மனத்தை உறுத்தியதால் அவர்களை நேரில் போய்ப் பார்த்துச் சொல்லிவிட்டு வந்தோம். சமையல் ஒப்பந்தத்தில் குறைந்தபட்ச எண்ணிக்கை என்று ஒரு வரி இருக்கும்; வந்தவர்கள் குறைந்தாலும் அந்த எண்ணிக்கைக்குப் பணம் கட்டியாக வேண்டும் என்பதால், கையெழுத்திடும் முன்பே அதை 300 என்று மாற்றி எழுதச் சொல்லி, மேற்கொண்டு ஆகும் சாப்பாட்டுக்குத் தனிக் கணக்கு என்று பேசி முடித்தோம். வார நாளில் வைத்தால் மண்டப வாடகை குறையும் என்று அதே கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு வாசகர் கூறியிருப்பது உண்மைதான், ஆனால் விடுப்பு கிடைக்காத நெருங்கிய உறவுகளை முதலில் கேட்டுவிட்டே நாள் குறிக்க வேண்டும்.