கூடு இல்லாத பயணம்

மோட்டார் சைக்கிள் மீது ஆசை வைத்திருப்பவரிடம் ஆபத்தை மட்டும் சொல்லிப் பயமுறுத்துவதால் எந்தப் பயனும் இல்லை என்றே நினைக்கிறேன். ஓட்டுபவரைச் சுற்றி ஒரு கூடு இல்லை என்பதுதான் அந்த வண்டியின் ஆபத்து. அதன் ஈர்ப்பும் அதுவேதான். காற்றும் மழையும் மண்வாசனையும் நேரடியாக உடம்பில் வந்து படுகின்ற அதே திறப்பின் வழியாகத்தான் எதிரே வரும் காரின் பம்பரும் வந்து மோதுகிறது.

வளைவில் வண்டியைச் சாய்ப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ஓரளவு வேகத்தில் செல்லும் வண்டியை வலப்பக்கம் திருப்ப வேண்டுமென்றால், கைப்பிடியின் வலது முனையை லேசாக முன்னால் தள்ள வேண்டும். முன்சக்கரம் ஒரு கணம் இடப்பக்கம் திரும்ப, வண்டி வலப்பக்கம் சாய்ந்து வளைவுக்குள் நுழைகிறது. நெடுங்காலமாக ஓட்டுபவர்கள்கூட இதைச் செய்கிறோம் என்று தெரியாமலேயே செய்துகொண்டிருக்கிறார்கள். பார்வை எங்கே போகிறதோ வண்டியும் அங்கே போகும். பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் பள்ளத்தில்தான் இறங்கும். இரண்டு டயர்களும் சாலையைத் தொடுவது ஏறக்குறைய உள்ளங்கை அகலத்துக்குத்தான். அவ்வளவு சிறிய பிடியை நம்பிக் கண்ணும் கையும் இடுப்பும் ஒன்றாக இயங்கும் அந்தச் சில நொடிகளில் வேறு எந்தக் கவலையும் மனத்தில் நிற்பதில்லை. இதை ஒருமுறை உணர்ந்தவரிடம் "பஸ்ஸில் போகலாமே" என்று சொல்வது எடுபடாது.

ஆனால் "எனக்கு நன்றாக ஓட்டத் தெரியும், எனக்கு ஒன்றும் ஆகாது" என்ற பேச்சை என்னால் ஏற்க முடியவில்லை. அமெரிக்காவில் ஹாரி ஹர்ட் என்பவரின் குழு லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் சுமார் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நேரில் ஆராய்ந்து 1981-இல் அறிக்கை வெளியிட்டது. வேறொரு வாகனமும் சம்பந்தப்பட்ட விபத்துகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, அந்த வாகனத்தின் ஓட்டுநர் வழிவிடாமல் குறுக்கே வந்ததால் நேர்ந்தவை. பைக் சிறியது, சிறிய பொருள் தொலைவில் இருப்பதாகவும் மெதுவாக வருவதாகவும் கண்ணுக்குத் தோன்றும். அதனால் சந்திப்பில் திரும்பக் காத்திருக்கும் கார்க்காரர் நம் பக்கமே பார்த்துவிட்டும் வண்டியைத் திருப்பிவிடுகிறார். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில், நாம் திடுக்கிட்டு பிரேக்கைத் தொடுவதற்குள் ஒரு நொடி போனாலே 16 மீட்டருக்கு மேல் கடந்திருப்போம். நம் திறமை அதற்குப் பிறகுதான் வேலைக்கு வரும்.

ஹெல்மெட்டைப் பற்றி இன்னும் வாதாட வேண்டியிருப்பது எனக்கு உண்மையாகவே வேதனை தருகிறது. 1935-இல், 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' என்று புகழ்பெற்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரியும் எழுத்தாளருமான டி. இ. லாரன்ஸ் ஹெல்மெட் இல்லாமல் பைக்கிலிருந்து விழுந்து ஆறு நாளில் இறந்தார். அவருக்குச் சிகிச்சை அளித்தவர்களில் ஒருவரான நரம்பியல் அறுவை மருத்துவர் ஹியூ கெய்ர்ன்ஸ், பின்னர் ராணுவ பைக் ஓட்டிகளின் தலைக்காயங்களை ஆராய்ந்து 1941-இல் கட்டுரை வெளியிட்டார். அதே ஆண்டில் பிரிட்டிஷ் ராணுவம் தன் பைக் ஓட்டிகளுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. ஹெல்மெட் மரண ஆபத்தைச் சுமார் 42 சதவீதமும் தலைக்காயத்தை 69 சதவீதமும் குறைக்கிறது என்பது பல ஆய்வுகளைத் தொகுத்துக் கண்ட முடிவு. ஹெல்மெட்டின் கெட்டியான வெளி ஓட்டுக்குள் இருக்கும் தெர்மாகோல் போன்ற அடுக்கு நசுங்கி அடியை வாங்கிக்கொள்வதால்தான் தலை தப்புகிறது. ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை, வெளியே கீறல்கூடத் தெரியாவிட்டாலும், மாற்றிவிட வேண்டும். பட்டியைக் கட்டாமல் போட்டிருந்தால் அடிபடும் முன்பே அது கழன்று போய்விடும்.

ஆகவே, பைக் வாங்கலாமா என்று கேட்கும் இளைஞர்களிடம் நான் வேண்டாம் என்று சொல்வதில்லை. வண்டிக்கு ஒதுக்கும் பணத்திலேயே நல்ல ஹெல்மெட்டுக்கும் கையுறைக்கும் பயிற்சிக்கும் சேர்த்து ஒதுக்கச் சொல்கிறேன். முடிந்தால் ஏபிஎஸ், அதாவது பிரேக் பிடிக்கும்போது சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் அமைப்பு, உள்ள வண்டியாக எடுக்கச் சொல்கிறேன். பிறகு, ஆளில்லாத திடலில் முன்பிரேக்கைப் படிப்படியாக அழுத்திப் பழக வேண்டும், ஏனென்றால் வண்டியை நிறுத்தும் வலுவில் பெரும்பங்கு அதில்தான் இருக்கிறது. பதற்றத்தில் பின்பிரேக்கை மட்டும் மிதிக்கும் கால், பழகாமல் மாறவே மாறாது.