லாரியில் மருந்து ஏற்றும் தம்பிகளுக்கு

ஐப்பசி பிறக்கப் போகிறது. எங்காவது வெள்ளம் என்றால் மறுநாளே நம்ம மதுரை வாட்ஸ்அப் குழுக்களில் "லாரி கிளம்புது, வீட்ல மருந்து மாத்திரை இருந்தா குடுங்க" என்று தகவல் பறக்கும். நல்ல மனசுதான். ஆனால் மெடிக்கல் கடை வைத்திருக்கிறவனாக மழைக்கு முன்னாலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் மிஞ்சிய மருந்தை வெள்ளம் வந்த ஊருக்கு அனுப்பாதீர்கள்.

2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் கொட்டித் தீர்த்ததே, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ., அப்போது இங்கிருந்து போன ஒரு வண்டிக்கு மருந்து பிரித்துக் கொடுக்கக் கூப்பிட்டார்கள். சாக்கைக் கொட்டினோம். பாதி வெட்டின அட்டைகள். பேரும் எக்ஸ்பயரியும் இருந்த பாதியைக் காணோம். மூடியைச் சுற்றிப் பிசுபிசுத்த இருமல் டானிக். யாரோ பாதி ஊற்றி முடித்த கண் சொட்டு மருந்து. ஒரு மஞ்சள் பையில் இதய மாத்திரை, மூட்டுவலித் தைலம், குழந்தை சிரப் எல்லாம் ஒன்றாகக் கிடந்தன. "இதெல்லாம் ஆகாது தம்பி" என்றேன். "இல்லாதவங்களுக்கு எதுனாலும் உதவும்ணே" என்றான் ஒருவன். பழைய சட்டைக்கு வேண்டுமானால் அந்த நியாயம் செல்லும். பேர் தெரியாத மாத்திரையை எந்த டாக்டர் எழுதிக் கொடுப்பார்?

இது நம்ம ஊர்க் கூத்து மட்டுமில்லை. 1988 டிசம்பரில் ஆர்மீனியாவில் பூகம்பம் வந்தபோது உலகம் முழுக்க இருந்து வந்து இறங்கிய மருந்தும் மருத்துவப் பொருளும் 5,000 டன். இருப்பது என்னவென்று கணக்குப் பார்க்கவே 50 பேருக்கு ஆறு மாதம் பிடித்தது. இந்த மாதிரி அனுபவங்களுக்குப் பிறகுதான் 1996-ல் உலக சுகாதார நிறுவனம் மருந்து நன்கொடைக்கு விதிமுறை போட்டது. கேட்டதை மட்டும் அனுப்பு, வந்து சேரும்போது குறைந்தது ஒரு வருடமாவது எக்ஸ்பயரி பாக்கி இருக்க வேண்டும், நோயாளி திருப்பிக் கொடுத்ததை அனுப்பாதே. மூன்றையும் அந்தச் சாக்கு மீறியிருந்தது!

சரி, என்னதான் வேண்டும்? வீட்டுக்குள் தண்ணீர் வந்தால் ரேஷன் கார்டையும் பத்திரத்தையும் எடுத்துக்கொண்டு ஓடுவோம். மாத்திரை டப்பா மிதந்து போகும். முகாமில் காய்ச்சல் மாத்திரையும் உப்புக் கரைசல் பாக்கெட்டும் தாராளமாகக் கிடைக்கும். சுகர், பிரஷர், தைராய்டு, வலிப்பு, இதற்கெல்லாம் தினமும் போடுகிற மாத்திரைதான் சிக்கல். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு திரும்ப வரலாம். டயாலிசிஸ் பண்ணுகிறவருக்கு ரோடு திறக்கும் வரை காத்திருக்க நேரமில்லை.

2024 அக்டோபரில் செல்லூருக்குள் தண்ணீர் புகுந்த வாரம் ஓர் அக்கா வந்தார். "பிரஷர் மாத்திரைண்ணே. வெள்ளையா, சின்னதா இருக்கும். காலைல ஒண்ணு." கடையில் இருக்கிற பிரஷர் மாத்திரையில் முக்கால்வாசி வெள்ளைதான். சீட்டு நனைந்து கூழாகிப் போயிருந்தது. மகன் போனில் எப்போதோ எடுத்த போட்டோ இருந்ததால் பிழைத்தோம். உங்கள் அப்பா அம்மா சீட்டை இன்றைக்கே போட்டோ எடுத்து, வெளியூரில் இருக்கிற ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள். இன்சுலின் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: கரண்ட் போச்சு என்று அதைத் தூக்கி எறியாதீர்கள். பெரும்பாலான இன்சுலின் 30 டிகிரிக்குள் நாலு வாரம் வரை தாங்கும். ஐஸில் புதைத்து உறைந்துபோனாலும் கெட்டுவிடும்.

இன்னொரு கோளாறு காலக்கணக்கில். முதல் வாரம் முகாம் மேல் முகாம், பேனர் மேல் பேனர். காலில் புண்ணோடு வெள்ளத்தில் நடந்தவருக்கு எலிக்காய்ச்சல் பெரும்பாலும் அஞ்சு நாளிலிருந்து ரெண்டு வாரத்துக்குள் வரும், சிலருக்கு ஒரு மாதமும் ஆகும். தேங்கின தண்ணீரில் கொசு பெருகி டெங்கு தலைகாட்டவும் வாரங்கள் ஆகும். காய்ச்சல் வரும் நேரத்தில் பேனரைச் சுருட்டிக்கொண்டு எல்லோரும் ஊர் திரும்பியிருப்பார்கள். மழை இருட்டினாலே தூக்கம் கெடுகிறவர்களைப் பற்றி யாரும் கேட்பதேயில்லை. (14416, டெலிமானஸ் என்கிற அரசு மனநல உதவி எண். இலவசம்தான், குறித்துக்கொள்ளுங்கள்.) என்னைக் கேட்டால், இருக்கிற காசில் பாதியை இரண்டாவது மாதத்துக்கு என்று ஒதுக்கி வைக்க வேண்டும்.

யாருக்கு என்ன மாத்திரை என்று வீடு வீடாக அலைந்து கேட்கவும் வேண்டாம். 2021-ல் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்கிற அரசுத் திட்டம் வந்ததிலிருந்து சுகர், பிரஷர் மாத்திரை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிற பெண்கள் ஊர் ஊருக்கு இருக்கிறார்கள். எந்தத் தெருவில் யாருக்கு எது என்பது அவர்களுக்கு அத்துப்படி. அந்த ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு முதலில் போன் போடுங்கள். எது தீர்ந்துபோச்சு என்று மருந்தாளுநரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் லாரியைப் பற்றிப் பேசலாம்.

அந்தப் பட்டியலோடு என் கடைக்கு வந்தால் மொத்த விலைக்கு எடுத்து, பில் போட்டு, பெட்டி கட்டித் தருகிறேன். எனக்கு லாபம் வேண்டாம். சாக்கோடு வந்தால் டீ மட்டும்தான் கிடைக்கும்.