'தப்பாது' என்பது கொஞ்சம் அதிகம்

முப்பரிமாண மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) வந்துவிட்டதால் இனி எந்தக் கட்டியும் தப்பாது என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். கருவியைப் பற்றிச் சொன்னதெல்லாம் சரி. அந்தத் 'தப்பாது'தான் இடிக்கிறது.

வழக்கமான மேமோகிராமில் மார்பகம் முழுவதும் ஒரே தளத்தில் விழுகிறது. அடர்த்தியான திசுவும் வெள்ளை, புற்றுக்கட்டியும் வெள்ளை; ஒன்றின் பின்னால் மற்றொன்று ஒளிந்துகொள்ளும். டோமோசிந்தசிஸ் எனப்படும் இந்த முப்பரிமாண மேமோகிராமில் எக்ஸ்ரே குழாய் வளைவாக நகர்ந்து, பல கோணங்களில் குறைந்த கதிர்வீச்சில் படமெடுக்கிறது. கணினி அவற்றை ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் அடுக்குகளாக்கித் தருகிறது. நார்வேயின் ஆஸ்லோவில் நடந்த ஆய்வு 2013இல் வெளியானது: மேமோகிராம் மட்டும் எடுத்தபோது 1,000 பரிசோதனைகளுக்கு 6.1 புற்றுகள், இதையும் சேர்த்தபோது 8.0. நல்ல முன்னேற்றம்தான், மறுக்கவில்லை.

ஆனால் மிக அடர்த்தியான மார்பகத்தில் இதுவும் திணறும். கட்டியைச் சுற்றிக் கொழுப்பே இல்லையென்றால் அடுக்கடுக்காகப் பார்த்தாலும் விளிம்பு தெரியாது. அங்கேதான் அயோடின் மருந்தை ரத்தக்குழாயில் செலுத்தி எடுக்கும் மேமோகிராம் கைகொடுக்கிறது. புற்று தனக்கென்று புது ரத்தக்குழாய்களை வளர்த்துக்கொள்வதால் மருந்து அங்கே சேர்ந்து பளிச்சிடும். இதற்கு ஒரு வரியாவது ஒதுக்கியிருக்கலாம் (கருவியின் பளபளப்பான படங்களுக்கு மட்டும் இடம் இருந்திருக்கிறது!).

அமெரிக்காவில் 2024 செப்டம்பர் முதல், மார்பகம் அடர்த்தியானதா இல்லையா என்பதைப் பரிசோதித்துக்கொண்ட பெண்ணிடமே தெரிவிப்பது கட்டாயம். இங்கே படிக்கும் பெண்கள் தங்கள் அறிக்கையில் ஏ முதல் டி வரை எந்த அடர்த்திப் பிரிவு என்று பாருங்கள். அடர்த்தியான மார்பகத்தைக் குறிக்கும் சி அல்லது டி என்றால் கூடுதல் பரிசோதனை தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.