பெட்டியில் போட்டிருக்கும் வேகத்தை நம்பி ரேடியோ வாங்கலாமா?
இரண்டு கோபுரங்களுக்கு இடையே கம்பியில்லாமல் இணையத்தை அனுப்ப, கையிலுள்ள பணத்துக்கு எந்த ரேடியோ அதிக வேகம் காட்டுகிறதோ அதையே வாங்கலாம் என்று இந்தக் கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. பெட்டியில் போட்டிருக்கும் வேகம் பெரும்பாலும் போக்கு, வரத்து இரண்டும் சேர்ந்த கூட்டுத்தொகை. அதுவும் அகலமான சேனலில் (ரேடியோ பயன்படுத்தும் அலைவரிசைப் பட்டையில்), வேறு அலைகளின் இரைச்சலே இல்லாத இடத்தில் கிடைப்பது. 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இன்று அப்படி ஓர் இடம் எங்கே இருக்கிறது? சேனல் அகலத்தை இரட்டிப்பாக்கும் ஒவ்வொரு முறையும் ரேடியோவுக்குள் வரும் இரைச்சல் 3 டெசிபல் கூடுகிறது, அதாவது இரட்டிப்பாகிறது. நான் பராமரிக்கும் ஓர் இணைப்பு 80 மெகாஹெர்ட்ஸ் அகலச் சேனலில் ஓடியபோது மாலையானால் தள்ளாடும், பிங் (பதில் வர ஆகும் நேரம்) எகிறும். 20-க்கு இறக்கியதும் மாடுலேஷன் (அலையில் எவ்வளவு நெருக்கமாகத் தரவை ஏற்றுவது என்ற நிலை) மேலே ஏறி அப்படியே நின்றது, வாடிக்கையாளர்களின் புகாரும் நின்றது. மேலே கருத்துரையில் ஒருவர் பவரைக் கூட்டினால் போதும் என்கிறார். சரி, ஆனால் உச்ச மாடுலேஷனில் பல ரேடியோக்கள் தாமாகவே பவரைக் குறைத்துக்கொள்ளும். டேட்டா ஷீட்டில் அந்த அட்டவணையைப் பாருங்கள். விதிமுறை இடம் கொடுத்தால் டிஷ்ஷைப் பெரிதாக்குவதே மேல். விட்டம் இரட்டிப்பானால் சிக்னல் 6 டெசிபல் கூடும், அலைக்கற்றை குறுகுவதால் பக்கத்துக் கோபுரத்தின் தொல்லையும் குறையும். அப்புறம், 60 கிகாஹெர்ட்ஸை நீண்ட தூரத்துக்கு யோசிக்கவே வேண்டாம். காற்றிலுள்ள ஆக்சிஜன் மட்டுமே கிலோமீட்டருக்குச் சுமார் 15 டெசிபலை விழுங்கிவிடும், மழை தனிக்கணக்கு. 10 கிலோமீட்டருக்கு 5.8 கிகாஹெர்ட்ஸ் போடுகிறவர்கள் நடுவழியில் ஃப்ரெனல் மண்டலத்தின் (இரு கோபுரங்களுக்கும் இடையே அலைகள் தடையின்றிப் போகத் தேவையான, நடுவில் பருத்த வெளியின்) ஆரம் 11 மீட்டரைத் தாண்டும் என்பதையும் கணக்கில் வையுங்கள். எதிர்க் கோபுரம் கண்ணுக்குத் தெரிந்தாலும் கீழே நிற்கும் மரங்கள் சிக்னலைத் தின்னும்.