அந்தத் தாளை ஒரு நிமிஷம் பார்த்திருக்கலாம்

முந்தாநாளிலிருந்து எல்லோர் பக்கத்திலும் அந்த வீடியோதான் ஓடுகிறது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதை மறுபடி இங்கே பகிர்ந்து இன்னும் நாலு பேரை அங்கே அனுப்ப எனக்கு விருப்பமில்லை. விரலில் போட்டால் நாடித்துடிப்பையும் தூக்கத்தையும் கணக்கெடுக்கும் ஸ்மார்ட் மோதிரத்தில் பதிவான மூன்று மாதத் துடிப்புக் கணக்கை அச்செடுத்துக் கொண்டுவந்த ஒரு பெண்ணைப் பற்றி, பெயர் மட்டும் சொல்லாமல், அந்த மருத்துவர் சிரித்துச் சிரித்துப் பேசுகிறார். "மோதிரம் சொல்லிச்சாம், ஓடி வந்துட்டாங்க." பேசிக்கொண்டே அந்தத் தாளை மடித்து விசிறி மாதிரி ஆட்டிக் காட்டுகிறார். அந்த இடத்தில்தான் எனக்கு வயிறு எரிந்தது.

கீழே சிரிப்புப் பொம்மை போட்டவர்களில் எனக்குத் தெரிந்தவர்கள் பதினோரு பேர். அதில் ஒருத்தி, என்னிடம் ஒரு வாரம் விசாரித்து, அளவு பார்க்க அனுப்பும் பிளாஸ்டிக் மோதிரங்களை ஒரு பகல் ஒரு ராத்திரி போட்டுப் பார்த்து, நான் வைத்திருக்கும் அதே மோதிரத்தை வாங்கிப் போட்டுக்கொண்டவள்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். அந்தத் தாளை அவர் ஒரு நிமிஷம் பார்த்திருக்கலாம். பார்த்துவிட்டு "இதில் கவலைப்பட ஒன்றுமில்லை" என்று சொல்லியிருந்தால்கூட நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

மோதிரம் ஏதோ ஜோசியம் சொல்வது போலப் பேசுகிறார்கள். அது செய்வது நாடி பார்ப்பது. உள்பக்கம் சின்னச் சின்ன எல்இடி விளக்குகள் இருக்கின்றன. பச்சை, சிவப்பு, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. வெளிச்சம் தோலுக்குள் போகிறது, ரத்தம் உறிஞ்சியது போக மிச்சம் திரும்பி வருகிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் விரலில் ரத்தம் கூடிக் குறைவதால் திரும்பி வரும் வெளிச்சமும் கூடிக் குறைகிறது. அதை எண்ணுகிறது, அவ்வளவுதான். கொரோனா காலத்தில் விரல் நுனியில் மாட்டிக்கொண்டு ஆக்சிஜன் அளவு பார்த்தோமே ஒரு கிளிப், அதுவும் வெளிச்சத்தை வைத்துத்தான் கணக்குப் போடுகிறது. ஜப்பானியப் பொறியாளர் டகுவோ அயோயாகி 1970களில் கண்டுபிடித்துக் கொடுத்த வழி அது. அந்தக் கிளிப்பிலும் குறை உண்டு. ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்திருப்பதை, வெள்ளை நோயாளிகளைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் அது ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகமாகத் தவறவிடுகிறது என்று 2020இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் என்ற மருத்துவ இதழில் வந்தது. அதற்காக யாரும் கிளிப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வீடியோவில் சிரிக்கவில்லை. குறை தெரிந்தே பயன்படுத்துகிறார்கள். நானும் மோதிரத்தை அப்படித்தான் பயன்படுத்துகிறேன்.

சரி, என் கதைக்கு வருகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் நடந்தது.

மோதிரம் போட்டு ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. தூங்கும்போது என் துடிப்பு நிமிஷத்துக்கு 61, 62 என்றுதான் எப்போதும் இருக்கும். காய்ச்சல் வந்தால் ஏறும், இரண்டு நாளில் இறங்கிவிடும். அந்த முறை காய்ச்சல் இல்லை, ஜலதோஷம்கூட இல்லை. 64 ஆனது. அடுத்த மாதம் 70. அதற்கடுத்த மாதம் 77. கோடு படிக்கட்டு மாதிரி ஏறிக்கொண்டே போனது, இறங்கவே இல்லை. மற்றவர்கள் போர்த்திக்கொண்டு படுக்கும்போது எனக்கு மட்டும் வேர்த்தது. உடைகள் தொளதொளவென்று ஆயின. ஊசியில் நூல் கோக்கப் போய், விரல் நடுங்குவதை ஒருநாள் கவனித்தேன்.

முதலில் பார்த்த மருத்துவரிடம் கைப்பேசியை நீட்டினேன். அவர் திரையைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார். "இதைக் கழற்றி ஒரு மாசம் பெட்டியில போட்டு வைங்க, எல்லாம் சரியாப் போயிடும்" என்றார். பக்கத்தில் நின்றிருந்த செவிலியர் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். அந்த இடத்தில் வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து நிஜமாகவே கழற்றி வைத்தேன். அதுதான் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. என் உடம்பு சொன்னதை நானே நம்பாமல் ஆறு வாரம் போனது.

ஆறு வாரம் கழித்து மாடிப்படி ஏறும்போது நெஞ்சு அடித்துக்கொண்டு நடுப்படியில் உட்கார்ந்துவிட்டேன். இரண்டாவது மருத்துவர் அந்த வரைபடத்தை வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, விரலால் கோட்டைத் தொட்டுக்கொண்டே போனார். கையை நீட்டச் சொன்னார். விரல்கள் மேல் ஒரு காகிதத்தை வைத்தார், காகிதம் படபடவென்று ஆடியது. ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். தைராய்டு அளவுக்கு மீறிச் சுரந்துகொண்டிருந்தது. தைராய்டைச் சுரக்கத் தூண்டும் டிஎஸ்எச் ஹார்மோன், தைராய்டு மிதமிஞ்சினால் இறங்கிவிடுமாம். எனக்கு அது ஏறக்குறைய பூஜ்யம்.

மோதிரம் தைராய்டைக் கண்டுபிடித்தது என்று நான் சொல்லவில்லை. தயவுசெய்து அப்படிப் படிக்காதீர்கள். கண்டுபிடித்தது அந்த மருத்துவரும் ரத்தப் பரிசோதனையும்தான். "போன மாதம் நீ இப்படி இல்லையே" என்று மட்டும்தான் மோதிரம் சொன்னது. அதைக் காது கொடுத்துக் கேட்க ஒரு ஆள் வேண்டியிருந்தது.

இனி வரப்போகும் கேள்விகளுக்கு இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன்.

"இந்த எண்களெல்லாம் துல்லியம் கிடையாது." தெரியும். தூக்கத்தின் படிநிலைகளைச் சரியாகச் சொல்ல மூளை அலை, கண் அசைவு, தசை எல்லாவற்றையும் பதிவுசெய்ய வேண்டும். அதற்கு ராத்திரி முழுக்கத் தலையில் ஒயர் ஒட்டிப் படுக்கவைக்கும் பரிசோதனை இருக்கிறது. மோதிரம் நாடியையும் அசைவையும் வெப்பத்தையும் வைத்து ஊகிக்கத்தான் செய்கிறது. அதனால் ஆழ்ந்த தூக்கம் 43 நிமிஷம் என்று காட்டினால் அந்த 43ஐ நான் பிடித்துக்கொள்வதில்லை. விரல் சில்லிட்டிருந்தாலும் மோதிரம் தளர்ந்திருந்தாலும் தப்புக் கணக்கு வரும் என்பதும் தெரியும். ஊசி குத்தாமலே சர்க்கரை அளவு காட்டும் என்று விற்கிற மோதிரங்களையும் கைக்கடிகாரங்களையும் நம்பாதீர்கள் என்று அமெரிக்காவில் மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கும் அரசு அமைப்பான எஃப்டிஏ 2024 பிப்ரவரியில் எச்சரித்தபோது, அந்தச் செய்தியை இதே பக்கத்தில் பகிர்ந்தவள் நான். ஆனால் ஒரே விரலில், ஒரே கருவியில், ஒரே நேரத்தில் தினமும் எடுத்த துடிப்பு மூன்று மாதமாக ஏறுவதை எப்படித் தள்ளிவிட முடியும்? எச்ஆர்வி என்கிறார்களே, ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவில் உள்ள இடைவெளி மாறும் அளவு, அது ஆளுக்கு ஆள் அவ்வளவு வித்தியாசப்படும். அடுத்தவர் எண்ணோடு ஒப்பிட்டால் ஒன்றும் புரியாது. என் எண்ணை என் எண்ணோடு வைத்துப் பார்த்தால்தான் அர்த்தம். அந்தப் பெண் கொண்டுபோனதும் அவளுடைய எண்ணைத்தான்.

"தகவலெல்லாம் நிறுவனத்திடம் போகிறதே?" போகிறது. நியாயமான கவலைதான். இன்றைக்கு அதைப் பேசும் மனநிலையில் நான் இல்லை.

"இதைப் போட்டால் பயம்தான் வரும்." ஆர்த்தோசோம்னியா என்று 2017இல் ஒரு கட்டுரையில் பெயர் வைத்ததை நானும் படித்திருக்கிறேன். தூக்கத்துக்கு மதிப்பெண் வாங்கத் தவித்தே தூக்கத்தைக் கெடுத்துக்கொண்ட மூன்று நோயாளிகளைப் பற்றியது. அப்படிப்பட்டவர்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பயந்து வருபவரை மருத்துவர் சிரித்து அனுப்பினால் பயம் போய்விடுமா? வீட்டுக்குப் போய் ராத்திரி தனியாக உட்கார்ந்து அதே கோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

"உடம்பே சொல்லுமே, மோதிரம் எதற்கு?" கைப்புண்ணுக்குக் கண்ணாடி வேண்டாம். என் புண் கையில் இல்லையே.

உடம்பு சொல்லுமாம். சொல்லிக்கொண்டுதான் இருந்தது. அம்மாவின் உடம்பும் சொன்னது. நாலு மாதம், "ஒரே அசதியா இருக்கு, முதுகு இழுக்குது, குமட்டுது" என்று சொன்னாள். வாயுத் தொல்லை என்றார்கள், டென்ஷன் என்றார்கள், வயசு என்றார்கள். பெண்களுக்கு மாரடைப்பு வரும்போது நெஞ்சுவலி பெரிதாகத் தெரியாமல் அசதியும் முதுகுவலியும் குமட்டலுமாக வரலாம் என்பதை அவள் போன பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டேன். மோதிரம் இருந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று சொல்ல மாட்டேன், மோதிரம் மாரடைப்பைக் கண்டுபிடிக்காது. ஆனால் அவள் கையில் காட்டுவதற்கு ஒன்றுமே இல்லை. வாய்வார்த்தை மட்டும்தான் இருந்தது, அதை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது தாளோடு போனால் தாளைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். பிறகு எதைக் கொண்டுபோவது?

மருத்துவர்களுக்கு நேரமில்லை, வெளியே நாற்பது பேர் காத்திருக்கிறார்கள், எனக்கும் தெரியும். அந்த வீடியோ நாலரை நிமிஷம். தாளைப் பார்க்க அவ்வளவு நேரம்கூட வேண்டாம்.

சிரிப்புப் பொம்மை போட்டவளுக்கு: நீ அதை எடுத்தாலும் சரி, வைத்திருந்தாலும் சரி. நடுப்படியில் உட்கார்ந்திருந்த அன்றைக்கு என்னைத் தூக்கிவிட்டது நீதான். அதனால்தான் வலிக்கிறது.

அப்புறம் அந்தப் பெண்ணுக்கு. இது உங்கள் கண்ணில் பட்டால், அந்தத் தாளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வேறு மருத்துவரிடம் போங்கள். உட்கார்ந்ததும் "மூன்று மாதமாக என் துடிப்பு ஏறிக்கொண்டே போகிறது, இவ்வளவிலிருந்து இவ்வளவு ஆகியிருக்கிறது" என்று சொல்லுங்கள். வேறு என்னென்ன மாறியிருக்கிறதோ, எடை, தூக்கம், வேர்வை, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எதில் அளந்தீர்கள் என்று அவராகக் கேட்டால் அப்போது மோதிரத்தைக் காட்டுங்கள்.